ட்ராவலிங் விசில்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கூடைப்பந்தில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விதி அனுமதிக்காத விதத்தில் காலை நகர்த்துவதுதான் ட்ராவலிங். அதற்கு விசில் ஊதியதும் எழும் வாக்குவாதம் எந்தக் கோர்ட்டிலும் ஒன்றுதான். "ரெண்டு ஸ்டெப்தான் சார் வச்சேன்" என்பார் ஆட்டக்காரர். "இல்ல, மூணு" என்று விரலைக் காட்டுவார் எதிரணிக்காரர். இரண்டு பேரும் காலை எண்ணுகிறார்கள். நடுவர் அதற்கு முன்பே வேறொன்றைப் பார்த்து முடித்திருப்பார்: பந்து எந்தக் கணத்தில் கைக்குள் வந்தது? எண்ணிக்கை அங்கிருந்துதான் தொடங்கும். தொடக்கம் மாறினால் அதே இரண்டு அடி மூன்றாகும், மூன்று இரண்டாகும். ட்ராவலிங் பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை உண்மையில் கையைப் பற்றிய சண்டைகள் என்பது என் உறுதியான எண்ணம்.

கீழே உள்ளவை சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி எழுதியவை. இந்தியாவில் பள்ளி, கல்லூரி, கிளப், மாநில ஆட்டங்கள் எல்லாம் நடப்பது இந்த விதிப்படிதான். ட்ராவலிங் அதில் 25-ஆம் பிரிவு. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எங்கே இடிக்கும் என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன். உங்களுக்கு எந்த இடத்தில் விசில் விழுகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தவிர்க்க வேண்டாம். மற்றவை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

லே-அப் போகும்போது விசில். அதே லே-அப்பை எதிரணி போட்டால் விசில் இல்லை

லே-அப் என்பது கூடையை நோக்கி ஓடிவந்து, எம்பி, கிட்டத்திலிருந்து பந்தைப் போடுவது. இதில் முதலில் பூஜ்ய அடியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓடிக்கொண்டே பாஸ் வாங்கினாலும் சரி, டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவதை) முடித்துப் பந்தை எடுத்தாலும் சரி, பந்து கைக்குள் வரும் கணத்தில் ஒரு கால் தரையில் இருந்தால் அந்தக் கால் கணக்கில் சேராது. அது பூஜ்யம். அடுத்து ஊன்றும் கால் முதல் அடி, அதற்கடுத்தது இரண்டாம் அடி. அதற்குப் பிறகு இன்னொரு கால் தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

வலது கைக்காரரின் சாதாரண லே-அப்பை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். கடைசி டிரிபிள் எழும்பி வருகிறது. இடது கால் தரையில் இருக்கும்போது பந்து இரண்டு கைக்குள்ளும் அமர்கிறது. இடது பூஜ்யம். வலது ஊன்றுகிறது, ஒன்று. இடது ஊன்றுகிறது, இரண்டு. இடது காலில் எம்பிப் பந்தைப் போர்டில் வைக்கிறார். பந்தோடு தரையைத் தொட்ட கால்கள் மொத்தம் மூன்று முறை. பார்வையாளர் மூன்று எண்ணியது பொய்யில்லை. ஆனால் ஆட்டம் சரி.

இப்போது அதே ஆட்டக்காரர் பந்தை அரை நொடி முன்னதாக எடுத்தால் என்ன ஆகும்? கடைசி டிரிபிள் எழும்பும்போது அதை வலது உள்ளங்கையால் அடியிலிருந்து ஏந்தி, இடுப்போரமாகக் கொண்டுபோய், பிறகுதான் இடது கையைச் சேர்க்கிறார். அவர் மனக்கணக்கில் பந்தை எடுத்தது இடது கை சேர்ந்தபோது. விதிப்படி, பந்து ஒரு கையில் அமர்ந்தாலும் டிரிபிள் முடிந்துவிடும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட்டாலும் முடிந்துவிடும். பந்து வலது உள்ளங்கையில் அமர்ந்தபோது தரையில் இருந்தது வலது கால் என்றால் அது பூஜ்யம், இடது ஒன்று, வலது இரண்டு, எம்பும் இடது மூன்று. விசில் நியாயமானது.

லே-அப்பில் தொடர்ந்து விசில் வாங்குகிறவர்களில் பலருக்கும் கோளாறு இந்த ஏந்தலில்தான் இருக்கிறது. அடியைக் குறைக்கச் சொல்லிப் பயிற்சியாளர் கத்துவார். ஆட்டக்காரர் அடியைக் குறைத்து, எம்பும் தூரத்தையும் இழந்து, லே-அப்பையே கெடுத்துக்கொள்வார். குறைக்க வேண்டியது அடியை அல்ல. பந்தைக் கொஞ்சம் தாமதித்து எடுத்தால் போதும்.

சோதித்துப் பார்க்க ஒரு கைப்பேசி போதும். கோர்ட்டின் பக்கக் கோட்டருகே நின்று, கையும் காலும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி ஸ்லோ மோஷனில் எடுங்கள். பந்து கையில் அமரும் இடத்தில் வீடியோவை நிறுத்துங்கள். எந்தக் கால் தரையில் இருக்கிறது? அதைப் பூஜ்யம் என்று வைத்து மேலே எண்ணுங்கள். அந்தக் கணத்தில் இரண்டு காலும் காற்றில் இருந்தால் பூஜ்யம் என்ற சலுகையே இல்லை. முதலில் ஊன்றும் கால்தான் முதல் அடி.

இந்தப் பூஜ்ய அடி ஃபிபா விதிக்குள் வந்தது 2017 அக்டோபர் 1-இல். அதற்கு முன் விளையாடியவர்களும் பயிற்சி பெற்றவர்களும் இன்னமும் பழைய கணக்கிலேயே "ஸ்டெப்ஸ்!" என்று குரல் கொடுப்பதைக் கேட்கலாம். அவர்கள் கற்றது அன்றைக்குச் சரியான விதி. அமெரிக்கப் பள்ளிக்கூட ஆட்டங்களில் இன்றும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே பந்தைப் பிடிக்கும்போது தரையில் இருக்கும் காலே பிவட் கால், அதாவது இடம் பெயராமல் ஊன்றியிருக்க வேண்டிய கால். என்.பி.ஏ.வில் நேர்மாறாக, பந்தைச் சேகரிக்கும் கணம் எது என்பதையே 2019-20 பருவத்தில் விதிப் புத்தகத்தில் தனியாக விளக்கி எழுதினார்கள்.

ஓடிவருபவருக்குச் சலுகை என்பதே புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். 1891-இல் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில், கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் எழுதிய 13 விதிகளில் மூன்றாவது, பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்று சொல்கிறது. அதோடு, நல்ல வேகத்தில் ஓடிவந்து பிடிப்பவர் நிற்க முயன்றால் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எவ்வளவு இடம் என்பதைத்தான் அன்றிலிருந்து இன்றுவரை திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பாஸ் வாங்கி டிரைவ் தொடங்கியதுமே விசில்

இங்கே முதலில் கேட்க வேண்டியது: பந்தை வாங்கியபோது நின்றுகொண்டிருந்தீர்களா, ஓடிக்கொண்டிருந்தீர்களா? விதி இரண்டுக்கும் வேறு.

நின்றுகொண்டு வாங்கியிருந்தால் பூஜ்ய அடிப் பேச்சே இல்லை. இரண்டு காலும் தரையில் இருக்கும்வரை எந்தக் காலும் பிவட் இல்லை. ஒன்றைத் தூக்கிய கணத்தில் மற்றது பிவட் ஆகிவிடும். டிரிபிள் தொடங்க வேண்டுமானால் பிவட் கால் தரையை விடுவதற்கு முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். கால் முந்தினால் ட்ராவலிங்.

இது அதிகம் சறுக்குவது ஜாப் ஸ்டெப்புக்குப் பிறகுதான். வலது காலைப் பிவட்டாக வைத்து இடது காலை முன்னே குத்துகிறீர்கள்; காவலர் (உங்களைத் தடுக்கும் எதிரணி ஆட்டக்காரர்) பின்வாங்குகிறார். இடது காலை இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி வலப்பக்கம் வெடித்துக் கிளம்பும்போது, உடம்பு முன்னால் சாய்ந்துவிட்டதால் வலது குதிகால் எழும்பி, பிறகு விரல் நுனியும் தரையை விட்டுவிடுகிறது. பந்து இன்னும் கையிலேயே இருக்கிறது. குதிகால் எழுவதில் தப்பில்லை. பாதத்தின் முன்பகுதி அதே இடத்தில் தரையோடு ஒட்டியிருந்தால் போதும். நுனியும் எழுந்துவிட்டால் முடிந்தது. நடுவர் இந்த இடத்தில் உங்கள் முகத்தையோ தோளையோ பார்ப்பதில்லை. பிவட் காலின் நுனியையும் பந்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்.

திருத்தம் எளிது, ஆனால் அலுக்கும்வரை செய்ய வேண்டும். முதல் டிரிபிளை உங்கள் பக்கத்தில் அடிக்காமல், முன்னே போகும் காலுக்கும் அப்பால் தள்ளி அடியுங்கள். பந்து முன்னே போனால்தான் உடம்பு அதன் பின்னே போகும். பந்தைப் பக்கத்தில் அடிப்பவருக்கு உடம்பு முந்திக்கொள்கிறது, கூடவே காலும்.

ஓடிக்கொண்டே வாங்கியவருக்கு விதி தாராளம். பூஜ்ய அடி உண்டு. இரண்டாம் அடி தரையைத் தொடுவதற்கு முன் டிரிபிளுக்காகப் பந்தை விட்டால் போதும். லே-அப்போடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு இருக்கிறது. ஷூட் செய்யவோ பாஸ் கொடுக்கவோ இரண்டாம் அடியை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். டிரிபிள் தொடங்க இரண்டாம் அடிக்கு முன்பே பந்து கையை விட வேண்டும். இரண்டுக்கும் ஒரே கணக்கு வைத்துக்கொள்பவர்களுக்குத்தான் வேகமான எதிர்த்தாக்குதலில் விசில் விழுகிறது.

இளம் நடுவர்கள் தவறுவதும் இங்கேதான். நடந்தபடி வாங்கினாரா, நின்று வாங்கினாரா என்று பார்க்காமலே, கிளம்பும் விதம் வேகமாக இருக்கிறது என்பதற்காக ஊதிவிடுகிறார்கள். ஊதும் முன் உங்களுக்குள் பதில் இருக்க வேண்டும்: எது பிவட் கால், அது எப்போது எழுந்தது? பதில் இல்லையென்றால் விசிலைக் கடித்துக்கொண்டு ஆட்டத்தை ஓட விடுங்கள்.

ஜம்ப் ஸ்டாப் சுத்தமாக விழுகிறது. பிவட் செய்ததும் விசில்

எம்பி இரண்டு காலிலும் சேர்ந்தாற்போல் இறங்கி நிற்பதுதான் ஜம்ப் ஸ்டாப். அது இரண்டு வகை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும்.

முதல் வகையில் இரண்டு காலும் காற்றில் இருக்கும்போது பந்து கைக்கு வருகிறது, இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகின்றன. இதில் எந்தக் காலையும் பிவட்டாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்றைத் தூக்கியதும் மற்றது பிவட்.

இரண்டாம் வகையில் பந்து கைக்கு வந்த பிறகு ஒரு கால் முதல் அடியாக ஊன்றிவிட்டது. அந்தக் காலில் எம்பி, இரண்டு காலிலும் சேர்ந்தாற்போல் இறங்குகிறீர்கள். அந்த இறக்கமே இரண்டாம் அடி. உங்கள் கணக்கு தீர்ந்துவிட்டது. இனி எந்தக் காலும் பிவட் இல்லை. ஒரு காலோ இரண்டு காலுமோ தரையை விட்டால், அது திரும்பி வருமுன் பந்து போயிருக்க வேண்டும். ஷூட் செய்யலாம், எம்பிப் பாஸ் கொடுக்கலாம், நின்ற இடத்தில் பந்தை ஆட்டிப் போலி காட்டலாம். காலை மட்டும் மாற்றி வைக்க முடியாது.

கூடைக்கு அருகிலுள்ள பெயின்ட் பகுதிக்குள் உயரமான காவலர் முன்னால் இறங்கி, பழக்க தோஷத்தில் ஒரு காலைச் சுழற்றிவிட்டு விசில் வாங்குபவர்கள் இந்த இரண்டாம் வகையில்தான் மாட்டுகிறார்கள்.

இரண்டு கால்கள் சேர்ந்தாற்போல் விழுந்தனவா, தடதடவென்று ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தனவா என்பதிலும் சிக்கல் வரும். முதல் அடி ஏற்கெனவே எடுத்தவர் இறங்கும்போது இரண்டு கால்களும் தனித்தனியாக விழுந்தால், இரண்டாவதாக விழுந்தது மூன்றாம் அடி. உள்ளரங்கில் மரத்தளம் என்றால் காதே சொல்லிவிடும். சிமெண்ட் தரையில் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

போஸ்ட்டில் பிவட் காலைத் தூக்கியதும் எல்லோரும் கத்துகிறார்கள், நடுவர் ஊதவில்லை

போஸ்ட் என்பது கூடைக்கு அருகில், பெரும்பாலும் அதற்கு முதுகு காட்டி நின்று ஆடும் இடம். இங்கே கத்துபவர்கள் தவறு, நடுவர் சரி. பிவட் காலைத் தூக்குவது குற்றமல்ல. பாஸ் கொடுக்கவோ ஷூட் செய்யவோ பிவட் காலைத் தூக்கலாம். அது மறுபடி தரையைத் தொடுமுன் பந்து கையை விட வேண்டும், அவ்வளவுதான். ரிங்குக்கு முதுகு காட்டி நின்று, ஒருபுறம் போலி காட்டி, காவலர் எம்பியதும் அவர் கைக்கு அடியில் நுழைந்து, பிவட் அல்லாத காலை நீட்டி வைத்து, பிவட் கால் தரையை விட்டபடியே பந்தைப் போடுவது முழுக்கச் சட்டத்துக்குட்பட்ட ஆட்டம். பார்க்க அடி அதிகம்போலத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் இருக்காது.

அதே நிலையிலிருந்து டிரிபிள் தொடங்கினால் கதை வேறு. டிரிபிளுக்குப் பந்து முதலில் போக வேண்டும், பிவட் பிறகுதான் எழலாம். ஆக, பிவட் எழுந்த பிறகு அந்த ஆட்டக்காரர் என்ன செய்தார் என்று பார்க்கும்வரை நடுவர் ஊத முடியாது. அவர் விசில் ஒரு கணம் தாமதமாக வருவது இதனால்தான்; தயக்கம் என்று நினைக்காதீர்கள்.

போஸ்ட்டில் உண்மையான ட்ராவலிங் நடப்பது பிவட் கால் இழுபடும்போது. காவலர் முதுகில் நெஞ்சை வைத்து அழுத்துகிறார், ஆட்டக்காரர் தள்ளிக்கொண்டே திரும்புகிறார், பிவட் கால் அரை அடி நகர்ந்துவிடுகிறது. பாதத்தைத் திருகலாம், நகர்த்தக் கூடாது. மணல் படிந்த வெளிக்கோர்ட்டில் ஷூவின் அடிப்பாகம் தேய்ந்திருந்தால் திருகல் சறுக்கலாகிவிடும். ஆட்டத்துக்கு முன் ஈரத்துணியில் அடிப்பாகத்தைத் துடைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

நடுவருக்கு இங்கே இன்னொரு பொறுப்பு உண்டு. கால் நகர்ந்தது ஆட்டக்காரராலா, காவலர் தள்ளியதாலா? சட்டவிரோதமான மோதல் முதலில் வந்து, அதனால் கால் பெயர்ந்திருந்தால் அது காவலரின் ஃபவுல். தள்ளியதை விட்டுவிட்டுக் காலை மட்டும் ஊதுவது, அடிபட்டவரையே தண்டிப்பதாகும். எனக்கு இதைவிட வருத்தம் தரும் விசில் வேறில்லை.

எம்பி ஷூட் போகும்போது பந்தை மறிக்கிறார்கள், பந்தோடு இறங்குகிறீர்கள் என்றால், மறித்தவரின் கைகளும் பந்தை இறுகப் பற்றியிருந்தால் ஜம்ப் பால் சூழல் (பந்து இருவருக்கும் பொது). அவர் கையை எடுத்துவிட்டு, நீங்கள் மட்டும் பந்தோடு இறங்கினால் ட்ராவலிங்.

ஸ்டெப்-பேக், யூரோ ஸ்டெப்: டிவியில் பார்த்தபடியே செய்தும் விசில்

யூரோ ஸ்டெப்பில் பெரும்பாலும் குழப்பம் இல்லை. முதல் அடி ஒரு பக்கம், இரண்டாம் அடி எதிர்ப்பக்கம். திசை மாறினாலும் அடிகள் இரண்டுதான். லிதுவேனியாவின் ஷாரூனஸ் மார்ச்சுலியோனிஸ் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி பரவலாக்கிய இந்த அசைவைச் செய்பவர் விசில் வாங்கினால், முதல் பகுதியில் சொன்ன ஏந்தலைச் சோதித்துப் பாருங்கள்.

காவலரிடமிருந்து பின்னால் விலகி ஷூட் போடும் ஸ்டெப்-பேக்கில்தான் தனிக் கோளாறு. பந்து கைக்கு வந்த பிறகு ஒரே கால் அடுத்தடுத்து இருமுறை தரையைத் தொடக் கூடாது. பந்தை எடுத்துக்கொண்டு இடது காலில் எம்பிப் பின்னால் பாய்ந்து மறுபடி இடது காலிலேயே இறங்கி, பிறகு வலதை வைத்து ஷூட் போட்டால், அடிகளின் எண்ணிக்கை எதுவானாலும் ட்ராவலிங். நொண்டியடிப்பதுபோல் ஒரே காலில் தத்துவதற்கு இடமே இல்லை. பந்தைப் பிடித்தபடி இரண்டு காலில் எம்பி இரண்டு காலிலேயே இறங்குவதும் அப்படித்தான். எந்தக் காலில் தள்ளினீர்களோ அதில் இறங்காமல், மற்றக் காலில் முதல் அடியை வையுங்கள்.

டிவியில் பார்த்ததெல்லாம் சரியான ஆட்டம் என்றும் கொள்ள வேண்டாம். 2018 டிசம்பரில் யூட்டா ஜாஸ் அணிக்கு எதிராக ஹூஸ்டனின் ஜேம்ஸ் ஹார்டன் போட்ட இரட்டை ஸ்டெப்-பேக் உலகம் முழுக்கச் சுற்றியது. விசில் ஊதப்படவில்லை. அது ட்ராவலிங்தான் என்று என்.பி.ஏ. நடுவர் தரப்பே பிறகு ஒப்புக்கொண்டது. விசில் இல்லாததை விதியென்று எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், மாவட்டப் போட்டியில் அவர்கள் திகைத்து நிற்பார்கள்.

கீழே விழுந்து பந்தைப் பிடித்தவர் எழுந்ததும் விசில்

பந்தோடு விழுவதும், விழுந்த வேகத்தில் சறுக்கிக்கொண்டு போவதும், படுத்தபடியே பந்தைப் பிடிப்பதும் குற்றமல்ல. பந்தைப் பிடித்துக்கொண்டு உருள்வதும் எழ முயல்வதும் குற்றம். படுத்த நிலையில் பாஸ் கொடுக்கலாம்; அங்கேயே டிரிபிளைத் தொடங்கி, டிரிபிள் செய்துகொண்டே எழுந்துவிடலாம். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. சொல்லிக்கொடுத்தால் ஒரு ஆட்டத்தில் ஒரு பந்தாவது மிஞ்சும்.

பந்து தவறி ஓடிப் பிடித்தார், ட்ராவலிங் இல்லையா?

பாஸை வாங்கும்போது பந்து கையில் பட்டு நழுவுகிறது, நாலடி ஓடிப்போய்ப் பிடிக்கிறார். கையில் பந்தே இல்லாதபோது ட்ராவலிங் எப்படி வரும்? தவறவிட்டுத் துரத்தும்போது வைக்கும் அடிகளுக்குக் கணக்கில்லை. பிடித்த கணத்திலிருந்து புதிதாக எண்ண வேண்டும். டிரிபிளின் தொடக்கத்திலோ முடிவிலோ தற்செயலாகப் பந்து நழுவினாலும் அப்படித்தான். ஆனால் டிரிபிளை முடித்த பிறகு நழுவியதென்றால், பிடித்துவிட்டு மறுபடி டிரிபிள் செய்ய முடியாது.

எல்லைக்கு வெளியே பந்து போடுபவர் நகர்ந்தார்

அங்கே ட்ராவலிங் கிடையாது, பிவட்டும் கிடையாது. நடுவர் காட்டிய இடத்திலிருந்து பக்கவாட்டில் மொத்தம் ஒரு மீட்டருக்கு மேல் நகரக் கூடாது. நேர் பின்னால் இடமிருக்கும்வரை போகலாம். கூடை விழுந்த பிறகு கூடைக்குப் பின்னாலுள்ள எண்ட் லைனிலிருந்து போடுபவர் கோட்டு நெடுகவே ஓடலாம்.

நடுவருக்கு: ஊதினால் எதிர்ப்பு, ஊதாவிட்டாலும் எதிர்ப்பு

பந்து வருவதற்கு முன்பே வாங்கப்போகிறவரின் காலுக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். பாஸின் பின்னாலேயே கண் பயணித்தால் பந்து கைக்கு வந்த கணத்தில் எந்தக் கால் தரையில் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். அதன் பிறகு எண்ணுவதெல்லாம் குத்துமதிப்பு.

இரண்டு பேர் மட்டும் நடத்தும் ஆட்டத்தில் பந்து வைத்திருப்பவரின் காலை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தால் பந்தில்லாத இடத்தில் நடக்கும் தள்ளுமுள்ளு யார் கண்ணிலும் படாது. உங்கள் பகுதியில் பந்து இருக்கும்போது பிவட் காலை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: "இடது, இடது" என்று உதடு அசையாமல் சொல்லிக்கொள்வது பலருக்கு உதவுகிறது. ஆட்டக்காரர் உங்களுக்கும் அவருடைய காலுக்கும் குறுக்கே காவலர் வரும்படி திரும்பினால் ஓரிரு அடி பக்கவாட்டில் நகருங்கள். நின்ற இடத்திலேயே கழுத்தை நீட்டுவதில் பயனில்லை.

ஸ்பின் செய்து திரும்பும் ஆட்டக்காரர், உடம்பு கோணலாகப் போகும் புதியவர், தடுமாறிப் பாஸ் கொடுக்கும் உயரமானவர் ஆகியோரின் அசைவுகள் அசிங்கமாகத் தெரியும். அசிங்கம் விதிமீறல் அல்ல. பழைய கணக்கை மனதில் வைத்திருக்கும் நடுவர்கள் லாகவமான ஆட்டக்காரரின் மூன்றாம் அடியை விட்டுவிட்டு, தடுமாறுபவரின் இரண்டாம் அடியை ஊதுவதைப் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொள்ளும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு அது பெரிய அநியாயம்.

ஊதிய பின் விரித்த கையை உயர்த்திக் கடிகாரத்தை நிறுத்துங்கள், மூடிய இரு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் ஒன்றையொன்று சுற்றிக் காட்டுங்கள், பிறகு பந்து போகும் திசையைக் காட்டுங்கள். ட்ராவலிங்குக்குப் பிறகு விழுந்த கூடை சேராது. ஆட்டக்காரரின் ஃபவுல் கணக்கிலும் எதுவும் ஏறாது; விதிமீறல் நடந்த இடத்துக்கு அருகிலுள்ள எல்லைக்கோட்டிலிருந்து எதிரணிக்குப் பந்து, போர்டுக்கு நேர் பின்னால் மட்டும் தவிர. கேப்டன் மரியாதையாக வந்து கேட்டால் ஒரே வரியில் சொல்லுங்கள்: "வலது பிவட், பந்து விடறதுக்கு முன்னாடி எழுந்துடுச்சு." எந்தக் கால், எந்தக் கணம் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.